நண்டான்மேட்டுக்கு ஒரு விரற்கடை

ரெக்கார்டு ஆபீசில் வரைபடம் வளர ஆரம்பித்தபோது என் மகளுக்கு எட்டு மாதம், அதனால் எனக்கு நாள் கணக்கு மறக்காது. ஆபீசில் மற்றவர்களும் அதை வைத்துத்தான் பேசுகிறார்கள். மாடியில் ஃபேன் மாற்றினது மேப்பு வளர்றதுக்கு முன்னாடியா அப்புறமா, காதர் பாய் மகளுக்கு நிக்காஹ் ஆனது மேப்பு எத்தனை விரல் இருந்தப்போ என்று, பெருமழை பெய்த வருசத்தைச் சொல்கிற மாதிரி சொல்வார்கள், யாரும் குரலைத் தாழ்த்திச் சொல்வதில்லை.

அது சிவப்புச் செங்கல் கட்டடம். உள்ளே போனால் இரும்பு அலமாரி, அதற்குப் பின்னால் அலமாரி, அதற்கும் பின்னால் அலமாரி, எல்லாவற்றிலும் துணி சுற்றிக் கட்டின காகிதக் கட்டுகள். நவாப்பு எழுதினது, கும்பினிக்காரர்கள் எழுதினது, எந்த ஏரிக்கு எத்தனை மதகு, எந்தக் கோயிலுக்கு எவ்வளவு நிலம், யார் யார்மேல் போட்ட பிராது, எல்லாம் இருநூறு வருசமாக அங்கே படுத்திருக்கின்றன, பூச்சி அரிக்காமல் இருக்க நடுநடுவே காய்ந்த வேப்பிலை. நான் ஆறாவது வரைக்கும் படித்தவள். அந்தக் காகிதங்களில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது, எங்கே கிழிந்திருக்கிறது என்று தெரியும். என் வேலை பசை காய்ச்சுவது. மைதாவைத் தண்ணீரில் கரைத்து, பூச்சிக்காகத் துளி துத்தம் போட்டு, கட்டி விழாமல் கிண்டிக்கொண்டே இருந்து, கண்ணாடி மாதிரி வந்ததும் மல் துணியில் வடிகட்டிக் கொடுத்தால், பைண்டர் காதர் பாய் அதைப் பட்டை பிரஷில் தொட்டு, நொறுங்குகிற காகிதத்துக்குப் பின்னால் துணி ஒட்டுவார். அவர் ஒட்டினதைப் பார்த்தால் கிழிசல் எங்கே இருந்தது என்று காகிதத்துக்கே மறந்துபோயிருக்கும்.

என் பெயர் மங்கையர்க்கரசி. அதைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வேர்த்துவிடும், அதனால் மங்கை என்று நிறுத்திக்கொள்வேன். ஆபீசர் யாராவது பசை அறைப் பக்கம் வந்தால் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொள்வேன். கூட்டிப் பெருக்குகிற விக்டோரியா அக்காவுக்கு அது பொறுக்காது. "நான் பாரு, இந்த ஆபீஸ்ல பாதிக் காயிதத்துல என் பேருதான் மேல கீது, ஆனா என் கையில தொடப்பத்தக் குட்த்துட்டானுங்க, நானே வாயத் தொறந்து பேசறேன். நீ பேருலயே அரசிய வெச்சிக்கினு அடுப்பாண்ட பூந்துக்கறியே" என்பாள்.

எனக்குப் பேச வேண்டியது ஒன்றே ஒன்று இருந்தது, அதையும் பேசாமல் வைத்திருந்தேன். என் மகள் தர்ஷிகா பிறந்ததற்கு அத்தாட்சி இல்லை. பிரசவத்துக்கு நான் என் அம்மா ஊரான நண்டான்மேட்டுக்குப் போயிருந்தேன். கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவில் மணல் ஏறின மேடு, பதினோரு வீடு. கழியில் தண்ணீர் ஏறி வழி அடைத்திருந்த நாளில் வலி வந்தது, படகு வருவதற்குள் பிள்ளை வந்துவிட்டாள். பிறப்பைப் பதியப் போனால், வடக்குத் தாலுகா ஆபீசில் "நண்டான்மேடா, கம்ப்யூட்டர்ல இல்லையேம்மா, தெக்கால போய்க் கேளு" என்றார்கள், தெற்கே போனால் "எங்க எல்லை கழிக்கு அந்தாண்டயே முடிஞ்சிடுச்சு, வடக்கால போ" என்றார்கள். ஒரு வருசத்துக்குள் பதியாவிட்டால் அப்புறம் கோர்ட்டு, வக்கீல். என் வீட்டுக்காரர் சந்தானம் கட்டட வேலைக்குப் போகிறவர், சுலபமாக ஒரு வழி சொன்னார். "ஏதாவது ஒரு ஊரு பேரப் போட்டுக் குடு, ஊருக்கென்ன, வாயா இருக்குது இல்லேன்னு சொல்ல?" எனக்கு மனசு வரவில்லை. அவள் பிறந்த மணல் இன்னும் அங்கே இருக்கும்போது வேறு ஊர்ப் பேரை எப்படி எழுதுவது?

அந்த மேட்டுக்கு என்ன ஆனது என்று எனக்கு ஆபீசில்தான் தெரிந்தது. மேப்பு அறைக்குப் பத்மலோசனி மேடம் பொறுப்பு. ஒருநாள் யாரோ ஆராய்ச்சிக்காரருக்கு இரண்டு பழைய வரைபடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள், நான் பசைக் கிண்ணத்தோடு நின்றிருந்தேன். "வடக்கேருந்து அளந்துட்டு வந்த துரைக்குக் காய்ச்சல் கண்டுடுச்சு, இந்தக் கழி ஓரத்துல அளக்கற சங்கிலியப் போட்டுட்டுப் போயிட்டான். தெக்கேருந்து வந்தவன் தண்ணி ஏறியிருக்குன்னு கழிக்கு அந்தப் பக்கமே நின்னுட்டான். அவன் அளந்திருப்பான்னு இவன், இவன் அளந்திருப்பான்னு அவன். நடுவுல ஒரு சாண் எந்தத் தாள்லயும் இல்லை. அப்புறம் வந்த எல்லா மேப்பும் இதப் பார்த்துப் போட்டதுதான்" என்றார்கள். நான் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் ஊர், இரண்டு தாளுக்கு நடுவில் மேசையின் மரத்தில் இருந்தது.

வளர்ந்த மேப்பு அந்த வடக்குத் தாள்தான், ஆயிரத்து நூற்று நாற்பத்தேழாம் நம்பர். மூன்றடிக்கு நாலடி. ஏரிகள் எல்லாம் நீலம், பனை மரங்கள் எல்லாம் கடுகு மாதிரிப் புள்ளி, தென்கிழக்கு ஓரம் நைந்து நார் நாராகத் தொங்கியது. அதை ஒட்ட வேண்டும் என்று சொன்ன காலையில் எனக்கு மார் கட்டிக்கொண்டிருந்தது. பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வருகிறவளுக்குப் பதினோரு மணி ஆனால் அப்படித்தான், எங்கேயோ ஏதோ பிள்ளை அழுகிற சத்தம் கேட்டால் போதும், ரவிக்கை நனைந்துவிடும். குனிந்து கிண்டும்போது ஒரு துளி பசையில் விழுந்தது. கொட்டிவிட்டு வேறு காய்ச்சியிருக்கலாம். ஏன் கொட்டினாய் என்று காதர் பாய் கேட்பார், அதற்கு என்ன சொல்வது, எந்த வாயால் சொல்வது என்று நினைத்து, கிண்டி வடிகட்டிக் கொடுத்துவிட்டேன். அன்றைக்கு என் வெட்கம் செய்த வேலைதான் அப்புறம் நடந்ததெல்லாம்.

ஏழாம் நாள் பத்மலோசனி மேடம் ஸ்கேலோடு வந்தார்கள். "பாய், நீங்க ஒட்டின மேப்பு ஒரு விரற்கடை கூடியிருக்கு."

"துணி நீளும் மேடம்."

"துணி நீளும், பனமரம் மொளைக்குமா?"

எல்லாரும் போய்ப் பார்த்தோம். தென்கிழக்கு ஓரத்தில் ஒரு விரற்கடை அகலத்துக்குப் புதுசாகக் காகிதம் வந்திருந்தது, பழைய காகிதத்தின் அதே மஞ்சள், துரையின் அதே சன்னக் கோடு, அதில் நாலு பனை, ஒரு உப்பு வாய்க்கால். தொட்டுப் பார்த்தால் பிள்ளையின் உச்சந்தலை மாதிரி மெத்தென்று இருந்தது. காதர் பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "ஓரம் பிரியாம இருக்கணும்னா இதுக்கும் பின்னால துணி ஒட்டணும், மங்கை, பசை போடு" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

இப்படித்தான் அது வாரத்துக்கு ஒரு விரற்கடை வளர்ந்தது. ஒரு வாரம் நான் வெறும் பசை காய்ச்சிக் கொடுத்துப் பார்த்தேன், இரண்டாம் நாளே ஓரம் சுருங்கி, பசித்த பிள்ளையின் உதடு மாதிரிச் சுழித்துக்கொண்டது, எனக்குத் தாங்கவில்லை. யாரும் பார்க்காதபோது கதவைச் சாத்திவிட்டு ஒரு துளி பிழிந்து கிண்டினேன், மறுநாள் ஓரம் விரிந்துவிட்டது. அதற்கப்புறம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு துளி. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேலை போகும், அரசாங்கக் காகிதத்தில் கண்டதைக் கலந்தாள் என்று போகும்.

ஆபீஸ் அதற்கு ஏற்றபடி தன்னை மாற்றிக்கொண்டது. நாலடி அலமாரியில் மேப்பு கொள்ளாமல் நுனி வெளியே நீட்டினபோது, விக்டோரியா அக்கா, "படி தாண்டிட்ச்சுடி" என்று சொல்லி, பிள்ளை முதல்முதலாக வாசற்படி தாண்டினால் செய்கிற மாதிரி, மறுநாள் ஒரு தூக்குச்சட்டி நிறையக் கொழுக்கட்டை பிடித்துக்கொண்டு வந்து, செக்யூரிட்டி முதல் மாடி ஆபீசர் வரைக்கும் கொடுத்தாள், எல்லாரும் ஏன் என்று கேட்காமல் வாங்கித் தின்றார்கள். மேப்பைக் கையால் தடவிக் கொஞ்சக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை வந்தது, அதைக் கொண்டுவந்த பியூன் கையெழுத்து வாங்கிக்கொண்டு அதைத் தடவிவிட்டுப் போனார். நிலத்து வழக்குக்காக நகல் எடுக்க வருகிறவர்கள், மகப்பேறு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்காருகிற மாதிரி மேப்பு அறை வாசலில் உட்கார்ந்து, "எங்க பக்கத்துக் கெணறு வந்துதா மேடம்?" என்று கேட்டார்கள். கழிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர், புதுசாக வந்த இடத்தில் ஒரு கிணற்றைக் காட்டி, "இது நான் பொறக்கறதுக்கு முன்னாலயே தூந்துபோன கெணறு, இதுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டு, கொஞ்ச நேரம் அதோடு உட்கார்ந்துவிட்டுப் போனார். பத்மலோசனி மேடம் என்னைக் கூப்பிட்டு, "மேப்பே வளருது, உன் பிள்ளை எதுக்குப் பக்கத்து வீட்ல வளரணும், கூட்டிட்டு வா" என்றார்கள். காதர் பாய் பசை அறையில் இரண்டு இரும்பு அலமாரிக்கு நடுவே மல் துணியில் தூளி கட்டிக் கொடுத்தார், காகிதம் தைக்கிற நூலால் முடிச்சுப் போட்டு. இருநூறு வருசத்துக் காகிதம் தாங்கற நூலு, இவளத் தாங்காதா என்றார்.

நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு சாணுக்குப் பன்னிரண்டு விரற்கடை. உப்பு வாய்க்கால் வந்தது, படகுத்துறை வந்தது, தாழம்புதர் வந்தது, கழி வளைகிற இடம் வந்தது. ஒவ்வொரு வாரமும் ஓரத்தைத் துடைக்கிற சாக்கில் போய்ப் பார்ப்பேன். என் அம்மா வீட்டுக்குப் போகிற வழியில் வரிசையாக எது எது வருமோ அது அது அப்படியே வந்தது. நண்டான்மேடு கடைசி விரற்கடையில் இருக்கும். அது தாளில் வந்துவிட்டால் நகல் கேட்கலாம். இந்த ஆபீஸ் நகலுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒருமுறை யாரோ மேடத்திடம் சண்டை போட்டார், அந்தக் காகிதத்தில் இருப்பது பொய், அதற்கு எப்படி முத்திரை குத்துவீர்கள் என்று. மேடம், "மெய்யா பொய்யான்னு நாங்க சொல்ல மாட்டோம் சார். எங்க காவல்ல இருக்கறத உள்ளது உள்ளபடி நகல் எடுத்துக் குடுப்போம், அவ்ளோதான்" என்றார்கள். அந்த முத்திரையை எந்தத் தாலுகா ஆபீசும் தள்ளாது. ஊர் மட்டும் வர வேண்டும்.

பதினொரு விரற்கடை ஆனது. தர்ஷிகாவுக்கும் பதினொரு மாதம் முடிந்தது. அப்போதுதான் இருப்புச் சரிபார்ப்பு வந்தது.

வருசத்துக்கு ஒருமுறை ரிஜிஸ்டரில் எழுதியிருப்பதும் அலமாரியில் இருப்பதும் ஒன்றுதானா என்று பார்ப்பார்கள். புது ஆணையர் வெள்ளிக்கிழமை காலையில் டேப்பும் கையுமாக வந்தார். மெலிந்த மனிதர், நல்ல மனிதர், காகிதத்தைத் தொடுவதற்கு முன்னால் கை கழுவுகிறவர். மூன்று முறை அளந்தார்.

"ரிஜிஸ்டர்ல மூணடிக்கு நாலடி. இங்க நாலடி எட்டேகால் அங்குலம். இது அந்த மேப்பு இல்லையே."

"அதேதான் சார். வளர்ந்திருக்கு" என்றார்கள் மேடம்.

"வளர்ந்திருக்கு, சரி. கொழுக்கட்டை நானும் சாப்பிட்டேன்மா, மறுக்கலை. ஆனா ரிஜிஸ்டர்ல என்னன்னு எழுதறது? இன்னைக்கு ஒரு அளவு எழுதுவேன், அடுத்த வெள்ளிக்கிழமை அது தப்பாயிடும். உள்ளது உள்ளபடின்னு முத்திரை குத்திக் குடுக்கற நகல், பஸ் ஏறி ஊருக்குப் போறதுக்குள்ள பொய்யாயிடும். ஆவணத்துல எதையும் சேர்க்கக் கூடாது, எதையும் எடுக்கக் கூடாதுன்னு சட்டம். இந்த எட்டேகால் அங்குலம் சேர்ந்தது. திங்கட்கிழமை பதினோரு மணிக்கு நான் கையெழுத்துப் போட்டாகணும். பாய், அதுக்குள்ள அளவாக் கத்தரிச்சு, துண்டைத் தனிக் கட்டாப் போட்டுடுங்க."

காதர் பாய் கத்தரிக்கோலை எடுத்து மேசைமேல் வைத்தார். "சார், முப்பது வருசமா இந்தக் கத்தரியால துணி வெட்டியிருக்கேன், நூல் வெட்டியிருக்கேன். ரத்த ஓட்டம் இருக்கறத வெட்டினதில்ல. நீங்களே வெட்டுங்க" என்றார்.

ஆணையர் கத்தரிக்கோலைப் பார்த்தார், எடுக்கவில்லை. "எதனால வளருதுன்னு தெரிஞ்சா நிறுத்தலாம். நின்னுட்டா புது அளவை எழுதிக் கையெழுத்துப் போட்டுடுவேன், முழுசா இருந்துட்டுப் போகட்டும். எதனாலன்னுதான் யாருக்கும் தெரியலையே" என்றார்.

நான் கதவுக்குப் பின்னால் விக்டோரியா அக்காவின் முதுகுக்கு மறைவில் இருந்தேன். இடுப்பில் பிள்ளை இருந்தாள். பேசாமல் இருந்தால் திங்கட்கிழமை படகுத்துறையும் தாழம்புதரும் ஒரு கட்டாகக் கட்டி எங்கோ மூலைக்குப் போகும். பேசினால் வேலை போகும். இரண்டிலும் என் பிள்ளைக்கு ஊர் இல்லை. அப்போது தர்ஷிகா என் தாலிக்கயிற்றைப் பிடித்து ஒரு இழு இழுத்தாள், நான் முன்னால் வந்து விழாத குறையாக நின்றுவிட்டேன்.

"நான்தான் சார்" என்றேன். அது எனக்கே கேட்கவில்லை.

"என்னம்மா?"

"பசையில... என் பால்... மொதல்ல தெரியாம விழுந்துடுச்சு சார். அப்புறம் நானாத்தான். வாரத்துக்கு ஒரு சொட்டு." அதற்குமேல் தலையை நிமிர்த்த முடியவில்லை.

விக்டோரியா அக்கா சிரித்தாள். "அடியே, இந்த ரூமு பூரா மூணு மாசமா பால் வாசன அடிக்கிது. நான் அஞ்சு பெத்தவ, எனுக்குத் தெரியாதா? மேடத்துக்குத் தெரியாதா? பாயி ஏன் வெள்ளிக்கெழமையானா கதவத் தட்டிட்டு ஒரு நாழி கழிச்சு உள்ள வராருன்னு நெனச்ச?" காதர் பாய் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேடம் ஸ்கேலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆணையர் மட்டும்தான் காது சிவந்து நின்றார்.

"சரி" என்றார் அவர். "அப்போ நிறுத்திடலாமா?"

"ஒரு வாரம் குடுங்க சார்" என்றேன். என் வாயிலிருந்து அது வந்ததா என்று எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "இன்னும் ஒரே ஒரு விரற்கடை."

"ஒரு விரற்கடைல என்ன வரும்?"

"எங்க ஊரு சார். இவ பொறந்த வீடு. அது எந்தத் தாள்லயும் இல்ல." அப்புறம் தாலுகா ஆபீஸ், கம்ப்யூட்டர், கோர்ட்டு எல்லாவற்றையும் அழுகிற குரலில் கொட்டிவிட்டேன்.

ஆணையர் டேப்பைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார். "அம்மா, தேதி என் கையில இல்லை. மேலேருந்து போட்ட தேதி. திங்கட்கிழமை அது வளர்ந்துகிட்டே இருந்தா என் கண்ணு முன்னால வெட்டித்தான் ஆகணும். நின்னிருந்தா முழுசாப் பிழைக்கும். நீயே முடிவு பண்ணிக்கோ" என்றார். பண்ணிக்கோ என்று சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது.

அவர் போனதும் விக்டோரியா அக்கா மூலையிலிருந்த வேப்பிலை மூட்டையிலிருந்து ஒரு கை அள்ளி என் முன்னால் வைத்தாள். "பால மறக்கடிக்கறதுக்கு நான் சொல்லித் தரணுமா? அரைச்சுத் தடவு. பொழைக்கட்டும். ஊரு பேருக்கு வேற வழி பாக்கலாம்."

வேறு வழி இல்லை என்று அவளுக்கும் தெரியும். நான் அரைத்தேன். வெட்டிவிட்டால் வந்த பனையும் போகும், வந்த கிணறும் போகும், வாசலில் உட்கார்ந்திருந்த எல்லாருடைய ஊரும் போகும். என் ஊர் ஒன்று வராததற்காக அவ்வளவையும் கத்தரிக்குக் கொடுக்க முடியுமா? ஒரு துளியை எப்போதும் போலப் பிழிந்து, அதன் மேலேயே வேப்பிலை விழுதைப் போட்டுக் கிண்டினேன், பசை பச்சையாகிக் கசந்தது. காதர் பாய் பிரஷை என்னிடம் கொடுத்து, "நீயே பூசு" என்றார். பூசினேன். ஓரம் முழுக்கச் சுருங்கி முகத்தைச் சுளித்தது. தட்டிக்கொடுத்து, "போதும்டா கண்ணு, பெரிய ஆளாயிட்ட இல்ல" என்று சொல்லிவிட்டு, அலமாரியைப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

ஒன்றுக்குக் கசப்பைக் கொடுத்துவிட்டு இன்னொன்றுக்கு இனிப்பைக் கொடுப்பது நியாயமாகப் படவில்லை. ஞாயிற்றுக்கிழமை பகலில் என் மாரிலும் அதே விழுதைத் தடவிக்கொண்டு தர்ஷிகாவை எடுத்தேன். வாயை வைத்தாள். முகம் கோணியது, நாக்கைத் துருத்தினாள், உடம்பு ஒருமுறை சிலிர்த்தது. என்னை நிமிர்ந்து பார்த்தாள், இது நீதானா என்று கேட்கிற மாதிரி. அப்புறம் குனிந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, கசப்பு தீருகிற வரைக்கும் சப்பித் துப்பி, சப்பித் துப்பி, அதற்கு அடியில் இருந்த பாலைக் குடித்தாள். என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருந்தவர், "உன் பொண்ணு ஜெயிச்சுட்டா" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

திங்கட்கிழமை பத்தேமுக்காலுக்கு எல்லாரும் மேப்பு அறையில் இருந்தோம். ஆணையர் கை கழுவிவிட்டு வந்தார். மேடம் அலமாரியை இழுத்தார்கள்.

வெள்ளிக்கிழமை நான் பூசின இடம் முழுக்க வரி வரியாகச் சுருங்கிக் கிடந்தது, கசந்த முகம் அப்படியே காகிதத்தில் பதிந்த மாதிரி. அந்தச் சுருக்கத்தைத் தாண்டி, அதற்கு அந்தப் பக்கம், சுத்தமாக, வழுவழுவென்று ஒரு விரற்கடைக் காகிதம் வந்திருந்தது. ஒரு வாரத்தில் வளர்கிறதை மூன்று நாளில் வளர்ந்திருந்தது. ஓரம் எப்போதும் போல நைந்து பிசிறாக இல்லை. மடித்துத் தைத்த முந்தானை மாதிரி முடிந்திருந்தது.

கழியின் வளைவுக்குள் ஒரு மேடு. மேட்டில் பதினோரு சின்னச் சிவப்புக் கட்டம். பக்கத்தில் துரையின் சாய்ந்த எழுத்தில் ஏதோ இங்கிலீசில் இருந்தது, எனக்கு வாசிக்கத் தெரியவில்லை, ஆனால் மேடம் வாசிப்பதற்கு முன்னாலேயே எனக்கு அது என்ன என்று தெரியும்.

"நண்டான்மேடு" என்று வாசித்தார்கள் மேடம். அப்புறம் லென்சை எடுத்துக் குனிந்தார்கள். "கடைசிக் கட்டத்துக்குப் பக்கத்துல ஒரு குறி இருக்கே. கிணறு இல்லை, கோயில் இல்லை, மரமும் இல்லை. குறி விளக்கத்துல இது இல்லையே சார்."

ஆணையர் பார்த்தார். காதர் பாய் பார்த்தார். இரண்டு சின்னக் கோடு, நடுவில் தொங்குகிற ஒரு வளைவு, மை இன்னும் காயவில்லை.

"தூளி மேடம்" என்றேன், இந்த முறை எனக்கே கேட்டது.

ஆணையர் டேப்பை வைத்து அளந்தார், நாலடி ஒன்பது அங்குலம். பதினோரு மணிக்கு ஒருமுறை அளந்தார், பதினொன்றரைக்கு ஒருமுறை அளந்தார், நூலளவும் கூடவில்லை. விக்டோரியா அக்கா தொடப்பத்தில் சாய்ந்துகொண்டு, "அது தூங்குது சார், எத்தினி தடவ எழுப்புவீங்க?" என்றாள். ஆணையர் ரிஜிஸ்டரைத் திறந்து பழைய அளவை ஒரு கோட்டால் அடித்து, புது அளவை எழுதிக் கையெழுத்துப் போட்டார். குறிப்பு என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார், பிறகு கட்டத்துக்குள் அடங்குகிற மாதிரி இரண்டே வார்த்தை எழுதினார். பால் மறந்தது.

நகல் அன்றைக்குச் சாயந்திரமே கிடைத்தது, உள்ளது உள்ளபடி என்று முத்திரை குத்தி. அதைக் கொண்டுபோய் வைத்ததும் வடக்குத் தாலுகா ஆபீசில் அதே ஆள் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இருக்குதே, அப்புறம் ஏன் இல்லேன்னாங்க?" என்று அவரே கேட்டுக்கொண்டு கம்ப்யூட்டரில் ஏற்றினார். தர்ஷிகாவுக்கு ஒரு வயசு முடிய ஒன்பது நாள் இருக்கும்போது சான்றிதழ் வந்தது. பிறந்த இடம் என்ற வரியை என் வீட்டுக்காரர் மூன்று தடவை சத்தமாக வாசித்தார்.

மேப்புக்கு இப்போது அஞ்சடியில் புது அலமாரி. அதற்கப்புறம் அது ஒரு நூலும் வளரவில்லை, எப்போதாவது துடைக்கப் போனால் அந்தச் சுருக்கத்தில் வேப்பிலை வாசனையும் அதற்கு அடியில் பால் வாசனையும் வரும். அது சொன்ன பேச்சைக் கேட்டுவிட்டது. என் மகளுக்கு இரண்டரை வயசு ஆகிறது, அவளுடைய குறிப்பில் அந்த இரண்டு வார்த்தையை எழுத இன்னும் யாராலும் முடியவில்லை.